பிலாப்பழம் மாஸ்டரின் வாண்மை விருத்தி

ஓர் ஆசிரியன் வகுப்புக்குப் போகாமல் இருக்கப் பல வழிகள் உண்டு. காய்ச்சல் என்று சொல்லலாம். மச்சானின் கலியாணம் என்று சொல்லலாம். ஒரே மச்சானுக்கு ஒரே ஆண்டில் இரண்டு தரம் கலியாணம் செய்துவைத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் வகுப்புக்குப் போகாததற்காகக் கைதட்டி, தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்து, முதுகிலும் தட்டி அனுப்புகிற வழி ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் வாண்மை விருத்தி. தொழிலில் இருக்கிறவனை அந்தத் தொழிலில் இன்னும் திறமானவனாக்குவது என்று பொருளாம். நான் அதில் மாட்டுப்பட்ட கதை இது.

என் பெயர் யோகநாதன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஓ.எல். வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த இடம் யாழ்ப்பாணம். இருந்தது வெள்ளவத்தையில் ஓர் அறையில். காலையில் பஸ் ஏறினால், வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் காட்டி, நான் நான்தான் என்று நிரூபித்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வந்துசேரலாம். அதற்குள் அரைவாசி உயிர் போய்விடும். மிச்ச அரைவாசியை வகுப்பில் செலவழிப்பேன். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை.

மூன்றாம் தவணை தொடங்கியபோது என் வகுப்புக்கு வட்டமும் திரிகோணகணிதமும் மிச்சம் இருந்தன. டிசம்பரில் ஓ.எல். பொதுச் சோதனை. இரண்டிலும் கட்டாயம் கேள்வி வரும். மற்றப் பாடங்களில் ஒரு பிள்ளை புலியாக இருந்தாலும் (அந்த நாட்களில் இந்தச் சொல்லைச் சத்தம்போட்டுச் சொல்ல முடியாது), கணிதத்தில் தவறினால் ஏ.எல். என்ற உயர்தர வகுப்பின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. மாளிகாவத்தையிலிருந்து வரும் ஹபீலா என்ற பிள்ளைக்கு இது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அவளுடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, கணிதத்தில் தவறி வீட்டோடு நின்றுவிட்டாள். அதனால் ஹபீலா தினமும் என்னைக் கண்டவுடன் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்பாள்.

"சேர், வட்டம் எப்ப தொடங்குவீங்க?"

"நாளைக்குப் பிள்ளை," என்றேன். அன்று பின்னேரம் அதிபர் பத்மாவதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யோகநாதன், உங்களுக்கு ஒரு கோர்ஸ் வந்திருக்கு. நாளையிலையிருந்து. வெள்ளவத்தையிலைதான், உங்களுக்குக் கிட்ட."

"ஐயோ மேடம், எனக்கு வட்டம் கிடக்கு."

"வட்டம் எங்கையும் ஓடிப்போகாது. கோர்ஸுக்கு ஆள் அனுப்பாட்டி மேலிடத்திலையிருந்து உடனை ஃபோன் வரும். பிள்ளையளுக்குப் படிப்பிக்காட்டி ஆர் ஃபோன் எடுக்கினம், சொல்லுங்கோ பாப்பம்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நேர்மையான மனுசி. உள்ளதைச் சொன்னார்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஆசிரியர் வாண்மை விருத்தி உயர் நிலையம் இருந்தது. மண்டபத்தில் குளிரூட்டி இருந்தது. படம் எறிகிற கருவி இருந்தது. சுவர் முழுக்க டெமி பேப்பர் ஒட்டியிருந்தது. பாயளவு அகலமான அந்தத் தாளும் நாலு நிற மாக்கர் பேனையும் இல்லாவிட்டால் இலங்கையில் ஓர் ஆசிரியனையும் விருத்திசெய்ய முடியாது. கரும்பலகை மட்டும் இல்லை. விசாரித்தபோது, அது பழைய முறை என்றார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குத்துவிளக்கு ஏற்றாமல் எதையும் தொடங்கக்கூடாது. பிரதம அதிதி வராமல் குத்துவிளக்கு ஏற்றக்கூடாது. பிரதம அதிதி நேரத்துக்கு வந்தால் அவர் பிரதம அதிதி இல்லை. முதல் நாள் காலைத் தேத்தண்ணி முடிந்து, மதியச் சோற்றுப் பார்சல்களும் வந்து இறங்கிய பிறகுதான் விளக்கு எரிந்தது. அதுவரைக்கும் நாங்கள் திரிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நல்ல வெள்ளைத் திரிகள்.

பணிப்பாளர் நாகேந்திரம் மேடைக்கு வந்தார். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி. மேடையில் ஏறினால் அச்சடித்த தமிழ். இறங்கினால் சொந்த ஊரான அச்சுவேலித் தமிழ்.

"அன்பார்ந்த ஆசிரியப் பெருந்தகைகளே! நான் வகுப்பறையை விட்டு வெளியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதனால்தான் வகுப்பறையை என்னால் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிறது. நீங்களோ தினமும் அதற்குள்ளேயே நிற்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியப்போகிறது?"

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மஹ்ரூப் மாஸ்டரும் தட்டினார். மாளிகாவத்தைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறவர். இந்த நிலையத்துக்குப் பழைய ஆள்.

"தட்டுங்க சேர், தட்டுங்க," என்றார் காதுக்குள். "தட்டாட்டி இன்னம் வெளக்குவாங்க."

அடுத்தது அறிமுகம். ஆசிரியர்களுக்கிடையே உள்ள இறுக்கம் தளர வேண்டுமாம். அதனால் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது; ஆளுக்கொரு பழத்தின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். அதை அட்டையில் எழுதி, படமும் கீறி, நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். மாம்பழத்தையும் முந்திரிகையையும் ஆசிரியைகள் பிடித்துக்கொண்டார்கள். மஹ்ரூப் மாஸ்டர் தூரியான். யோசித்துக்கொண்டு நின்ற எனக்குப் பிலாப்பழம் வந்தது. அன்றிலிருந்து நிலையத்தில் என்னை ஒருவரும் யோகநாதன் என்று கூப்பிடவில்லை.

"பிலாப்பழம் சேர், நீங்கள் மூண்டாம் குழு," என்றார் பணிப்பாளர்.

பயிற்சியின் தலைப்பு: கற்பித்தலுக்குத் தடையாக உள்ள காரணிகளை இனங்காணல். ஒவ்வொரு குழுவும் தடைகளை டெமி பேப்பரில் எழுதி, முன்னால் வந்து விளக்க வேண்டும். மற்றக் குழுக்கள் மின்வெட்டு, சுற்றிவளைப்பு, வறுமை என்று எழுதினார்கள். நான் என் வகுப்பை நினைத்தேன். அந்த நேரம் கொட்டாஞ்சேனையில் என் பிள்ளைகள் வாத்தியார் இல்லாத வகுப்பில் சத்தம் போடாமல் இருக்கும்படி அச்சுறுத்தப்பட்டு இருந்திருப்பார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய எழுத்தில், சிவப்பு மாக்கரில் ஒரே ஒரு வரி எழுதினேன்.

'இந்தப் பயிற்சி.'

தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். சரி, தொலைந்தது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நாளைக்கு வட்டம் தொடங்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

பணிப்பாளர் கதிரையை விட்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"இதுதான்," என்றார். "இதைத்தான் நான் இவ்வளவு காலமாக எதிர்பார்த்தேன். விமர்சன சிந்தனை! பயிற்சிக்குள் இருந்துகொண்டே பயிற்சியைக் கேள்வி கேட்கிறார் பிலாப்பழம் சேர். இப்படிப்பட்டவரை முதலாம் மட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பலாமா?"

"அனுப்பக்கூடாது!" என்றது மண்டபம்.

இப்படியாக நான் இரண்டாம் மட்டப் பயிற்சிக்குத் தெரிவானேன். மஹ்ரூப் மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உங்கட வாயாலதான் சேர் உங்களுக்குக் கேடு. மின்வெட்டு எண்டு எழுதி இருந்தா வீட்ட பெய்த்திருப்பீங்க."

இரண்டாம் மட்டம் மாதிரிப் பாடம். ஒருவர் படிப்பிக்க வேண்டும், மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். உண்மையான பிள்ளைகளை ஏன் கூப்பிடக்கூடாது என்று நான் கேட்டேன். பணிப்பாளர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"பிள்ளையளை நம்பேலாது பிலாப்பழம். கேள்வி கேட்டால் பிழையான மறுமொழி சொல்லிப்போடுவினம். பிறகு மாதிரிப் பாடம் எப்பிடி மாதிரியாகும்?"

ஆகவே தலை நரைத்தவர்கள் கைகட்டி இருந்து, "எனக்கு விளங்கேல்லை டீச்சர்," என்று கீச்சுக் குரலில் சொன்னார்கள். ஓய்வுபெறப் போகிற ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் பேனையைப் பறித்துவிட்டு அழுதார். மஹ்ரூப் மாஸ்டர் மெல்லக் கற்கும் பிள்ளையாக நடித்தார். அவ்வளவு தத்ரூபம், பணிப்பாளர் அவரை அந்த இடத்தை விட்டு விடவேயில்லை. எந்தப் பயிற்சி நடந்தாலும் மெல்லக் கற்கும் பிள்ளைக்கு மஹ்ரூப் மாஸ்டரைக் கடிதம் போட்டு எடுப்பித்தார்கள். அவருடைய பாடசாலையில் இருந்த உண்மையான மெல்லக் கற்கும் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எப்படியாவது தவறிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஒரு நாள் விரிவுரைக்கு நடுவில் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். "பாருங்கள், பிலாப்பழம் சேர் உள்நோக்கிச் சிந்திக்கிறார்," என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். இன்னொரு நாள் போகவேயில்லை. "தன்னிச்சையான கற்றல்" என்று பாராட்டிவிட்டு மூன்றாம் மட்டத்துக்கு ஏற்றினார்கள். ஒக்டோபர் முடியும்போது நான் முதன்மை வளவாளர். அதாவது இனிமேல் பயிற்சி கொடுக்கிறவனாக நான் மற்ற ஆசிரியர்களை வகுப்பிலிருந்து வெளியே எடுக்கலாம்.

இடையில் கிடைத்த ஒரு நாளில் பாடசாலைக்கு ஓடினேன். வட்டம் தொடங்குவதற்கு வாய் திறந்தேன். அன்று வாத்தியார் தினம் கொண்டாடப் பிந்திவிட்டதென்று எல்லா வகுப்பையும் மண்டபத்துக்கு எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் எனக்கு மாலை போட்டார்கள். மாலையைப் போட்டுவிட்டு ஹபீலா கேட்டாள்.

"சேர், கோர்ஸுல என்னதான் படிப்பிக்கிறாங்க?"

"எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டு படிப்பிக்கினம்."

"உங்களுக்குத்தான் அது தெரியுமே சேர். தெரியாத ஆக்களக் கூப்பிட ஏலாதா? எங்களுக்கு வட்டம் ஈக்கிது, திரிகோணம் ஈக்கிது. எங்கட வாப்பா செல்றாரு, கணக்கு பெயிலானா ஒனக்கும் ராத்தாவுக்குப் பக்கத்துல ஒரு தையல் மெஷின் போடுறேன் எண்டு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாலையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைத்தவுடன், நிலையத்திலிருந்து ஃபோன் என்று அதிபர் கூப்பிட்டார்.

பேசியது பணிப்பாளர். நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு அமைச்சிலிருந்து மிகப் பெரிய அதிகாரி ஒருவர் பிரதம அதிதியாக வருகிறாராம். வந்து மாதிரிப் பாடம் பார்ப்பாராம். அதுவும் உண்மையான பிள்ளைகளை வைத்துத்தான் பார்ப்பாராம்.

"எங்கட நிலையத்துக்குள்ளை இதுவரைக்கும் ஒரு பிள்ளை காலடி வைச்சதில்லை பிலாப்பழம். இப்ப நான் பிள்ளையளுக்கு எங்கை போறது?"

எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. அதற்குப் பிரதம அதிதி தேவைப்படவில்லை. "என்ரை ஓ.எல். வகுப்பு இருக்கு சேர்," என்றேன். "வட்டம் செய்து காட்டுறன்."

விழா நாள் வந்தது. பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ஒரு பாடவேளை கிடைத்தாலும் போதும், வட்டத்தின் உயிரான இரண்டு தேற்றங்களையாவது உள்ளே இறக்கிவிடலாம். பிள்ளைகள் கொப்பியைத் திறந்து, திகதி எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் முதன்மை வளவாளர்கள் நெஞ்சில் பழங்களோடு நின்றோம். வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பித்தளைத் தாம்பாளம். அதிதியைக் காணவில்லை.

"சேர், தொடங்கட்டா?" என்று கேட்டேன்.

"விளக்கேத்தாமலோ? உமக்கென்ன விசரா?"

காத்திருந்தோம். தேத்தண்ணி வந்தது, போனது. பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. பணிப்பாளர் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றபோதுதான் வெளியே ட்ரக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வரவேற்புக்குழு வெற்றிலைத் தட்டோடு வாசலுக்கு ஓடியது. ஓடிய வேகத்திலேயே பின்பக்கமாக நடந்து உள்ளே வந்தது.

வந்தது இராணுவம். நகரத்தில் எங்கோ குண்டு வெடித்ததாம் என்றார்கள். பிறகு, வெடிக்கவில்லை, வெடிக்கப்போவதாகத் தகவல் என்றார்கள். கடற்கரை ஒழுங்கைகள் எல்லாவற்றையும் சுற்றிவளைத்துவிட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அதிதியின் கார் காலி வீதி என்ற பெருந்தெருவிலேயே மறிக்கப்பட்டு நின்றது.

எனக்குப் பயம்தான். பொய் சொல்லவில்லை. என் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். என் பொறுப்பில் இவ்வளவு பிள்ளைகள். "ஒருத்தரும் எழும்பாதேங்கோ, ஒண்டுமில்லை," என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஹபீலா பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கப்டன் உள்ளே வந்தார். கூடவே தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர். பெரியவர்களைச் சுவர்ப்பக்கமாக நிறுத்திச் சோதித்தார்கள். என் அடையாள அட்டையை வாங்கி, முகத்தைப் பார்த்து, நெஞ்சைப் பார்த்தார் கப்டன். பொலிஸ்காரர் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையை வாசித்து, "கொஸ்," என்று பிலாப்பழத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தார்.

கப்டனின் புருவம் ஏறியது. அடுத்தவரைப் பார்த்தார். அடையாள அட்டையில் மஹ்ரூப், நெஞ்சில் தூரியான். அதற்கடுத்து முந்திரிகை. அதற்கடுத்து அன்னமுன்னா, அதாவது சீத்தாப்பழம். அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் இரண்டாவது பெயர் இருந்தது. கொழும்பில் அந்த நாட்களில் இரண்டாவது பெயர் வைத்திருக்கிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் நிலையத்துக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

"இந்தப் பெயர்களை வைத்தது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணிப்பாளரைப் பார்த்தோம். குழுச் செயற்பாட்டில் எங்களிடம் அவ்வளவு ஒற்றுமையை அவர் முன்பு கண்டதில்லை.

"இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக," என்றார் பணிப்பாளர், பயங்கர இறுக்கத்தோடு.

கப்டன் சுவரைப் பார்த்தார். அங்கே பெரிய டெமி பேப்பர் ஒன்றில் நடுவில் ஒரு வட்டம். எல்லாத் திசையிலிருந்தும் அதை நோக்கிச் சிவப்பு அம்புகள். பிள்ளை மையக் கல்வி என்பது அதன் பெயர். மூன்றாம் மட்டத்தில் ஒரு கிழமை முழுக்க அதை எங்களுக்கு விளக்கியிருந்தார்கள். கப்டன் துப்பாக்கி முனையால் நடுவட்டத்தைத் தொட்டார்.

"மே மொக்கக்த?" இது என்ன என்று கேட்டார்.

"பிள்ளை," என்றார் பணிப்பாளர்.

"அம்புகள்?"

"எல்லாத் தரப்பும் பிள்ளையைக் குறிவைக்க வேண்டும் என்பது கோட்பாடு."

பொலிஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். கப்டன் பொறுமையான மனிதர்.

"இதை வைத்து நீங்கள் செய்கிற வேலை என்ன?"

"கலந்துரையாடுகிறோம், சேர்."

"யாரோடு? பிள்ளைகளோடா?"

"இல்லை. ஆசிரியர்களோடு."

"அப்போ பிள்ளை எங்கே?"

"மையத்தில்."

"படத்திலா?"

மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர், கையில் துப்பாக்கியோடு ஒருவர் எளிமையாகக் கேட்டபோது ஒரே சொல்லில் முடித்தார்.

"ஓம்," என்றார். "படத்தில்."

கப்டன் டெமி பேப்பரைக் கழற்றிச் சுருட்டி வைக்கச் சொன்னார். அன்றைய சுற்றிவளைப்பில் எங்கள் நிலையத்திலிருந்து கைதுசெய்யப்பட்டது அது ஒன்றுதான். பிறகு சுவரோரம் நின்ற எங்களை ஒரு முறை பார்த்தார். நடுவில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

"குருவரு மெச்சரத?" என்றார். இவ்வளவு பேரும் ஆசிரியர்களா என்பது பொருள். "பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே. ஏன் ஒருவரும் படிப்பிக்கவில்லை?"

"விளக்கு இன்னும் ஏற்றவில்லை," என்றார் பணிப்பாளர்.

கப்டனுக்கு அது விளங்கவில்லை. விளங்காதது நல்லதாகப் போய்விட்டது. இவர்களில் யாருடைய வகுப்பு என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். என்ன பாடம்? கணிதம். அவருடைய முகம் கொஞ்சம் இளகியது.

"மமத் கணன் ஃபேல்," என்றார். நானும் கணக்கில் தவறியவன்தான் என்று சொல்லிவிட்டு, "வேலை முடிய நேரமாகும். பிள்ளைகள் பயப்படக்கூடாது. நீ படிப்பி. மற்ற ஒருவரும் வாய் திறக்கக்கூடாது," என்று கட்டளையிட்டார்.

சேவையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு யாரும் இட்ட முதலாவது தெளிவான கட்டளை அதுதான்.

கரும்பலகை இல்லை என்றேன் அல்லவா? மிச்சமிருந்த டெமி பேப்பர்களைத் திருப்பிச் சுவரில் ஒட்டினேன். வட்டம் கீற ஒன்றுமில்லை. குத்துவிளக்குக்குக் கீழே இருந்த தாம்பாளத்தை எடுத்துத் தாளில் வைத்து, சுற்றிக் கோடு போட்டேன். பணிப்பாளர் "அது மங்கலத் தாம்...", என்று தொடங்கினார். வாசலில் நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான். பேச்சு நின்றுவிட்டது. நாணுக்கும், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் தொடலிக்கும் நேரான ஒன்று வேண்டியிருந்தது. வாசலில் கட்டியிருந்த சிவப்பு நாடாவை வெட்டி எடுத்தேன்.

அந்த நாளைப்போல் நான் ஒருநாளும் படிப்பித்ததில்லை. மணி அடிக்கவில்லை. சுற்றறிக்கை வரவில்லை. ஒருவரும் வந்து, "மாஸ்டர், அவசரமாக ஒரு சின்ன விசயம்," என்று கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடிய அத்தனை பேரும் சுவரோரம் வாய்மூடி இருந்தார்கள். மையக் கோணம் பரிதிக் கோணத்தின் இரு மடங்கு என்று காட்டினேன். பிள்ளைகள் பிழையாகச் சொன்னார்கள், ஏன் பிழை என்று கேட்டேன், திருத்திச் சொன்னார்கள். ஹபீலா எழும்பி வந்து, தாம்பாளத்தை வாங்கித் தானே வட்டம் கீறி, வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் நூற்றெண்பது பாகை என்று நிறுவினாள். நிறுவி முடித்ததும் பயம் மறந்து சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மஹ்ரூப் மாஸ்டர்கூடச் சுவரோரத்தில் இருந்து நிமிர்ந்து, பழக்கதோசத்தில், "எனக்கு வெளங்கல்ல சேர்," என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளை அவருக்கு விளங்கப்படுத்தியது.

பின்னேரம் வட்டம் முழுவதும் முடிந்திருந்தது. சுற்றிவளைப்பும் முடிந்தது. தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று இராணுவம் வெளியே போய்த் தன் சிப்பாய்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கியது. ஒழுங்கை திறந்தவுடன் பிரதம அதிதி வந்துவிட்டார்.

பணிப்பாளருக்கு உயிர் திரும்பியது. வெட்டுண்ட நாடாவின் இரண்டு நுனிகளையும் முந்திரிகையும் அன்னமுன்னாவும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, அதிதி நடுவில் இருந்த காற்றைக் கத்தரிக்கோலால் வெட்டினார். குத்துவிளக்கு எரிந்தது. வரவேற்புரை நடந்தது. பிறகு அதிதி என்னைப் பார்த்து, "இப்போது பாடத்தைத் தொடங்கலாம்," என்றார்.

நான் என்ன செய்வது? தாம்பாளத்தைக் காட்டி, "வட்டம் என்றால் என்ன?" என்றேன். பிள்ளைகள் வட்டத்தை மட்டுமல்ல, நாணையும் தொடலியையும் நாற்பக்கலையும் தேற்றத்தோடு மளமளவென்று ஒப்புவித்தார்கள். நான் இரண்டாவது கேள்வி கேட்கவேண்டி வரவில்லை. அதிதிக்கு வாய் மூட முடியவில்லை.

"ஒரே கேள்வியில் முழுப் பாடமுமா? இது என்ன முறை?"

பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பகல் முழுக்க அடக்கிவைத்திருந்த பேச்சு வெளியே வந்தது.

"பிரதம அதிதி அவர்களே! இன்று காலையிலிருந்து இந்த மண்டபத்தில் விளக்கேற்றவில்லை. வரவேற்புரை இல்லை. குழுச் செயற்பாடு இல்லை. நான்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் கற்றுவிட்டார்கள்! இது எப்படி நடந்தது என்பதைக் கண்டறிய வேண்டாமா? ஆகவே நாடளாவிய ரீதியில் ஒரு நீண்ட பயிற்சிநெறியை நாளையே ஆரம்பிக்கிறோம். அதற்கு இணைப்பாளராக, ஜனவரி வரைக்கும் முழுநேரமும், எங்கள் பிலாப்பழம் சேர் கடமையாற்றுவார்!"

கரகோசம். சுவரோரத்தில் இருந்தவர்கள் எழும்பி நின்று தட்டினார்கள். ஜனவரியில்லை ஐயா, சோதனை டிசம்பரில் என்று நான் கத்தினேன். அது கைதட்டலுக்குள் போய்விட்டது. யாரோ எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வெளியே வந்து பிள்ளைகளை வானில் ஏற்றினேன். ஒழுங்கை முனையில் சிப்பாய்கள் ட்ரக்கில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஹபீலா ஏறாமல் நின்றாள்.

"சேர், நாளைக்கு ஸ்கூலுக்கு வருவீங்கதானே? திரிகோணம் மிச்சம் ஈக்கிது."

"இல்லைப் பிள்ளை," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஜனவரி மட்டும் கோர்ஸ்."

அவள் என்னுடைய பொன்னாடையைப் பார்த்தாள். திரும்பி, புறப்படப்போகிற ட்ரக்கைப் பார்த்தாள். புத்தகப் பையைத் திறந்து கொப்பியையும் பேனையையும் வெளியே எடுத்தாள்.

"அப்ப சேர், இவங்க திரும்ப எப்ப சுத்திவளைப்பாங்க?"

பகிடிக்குக் கேட்கவில்லை. நான் சொல்லப்போகிற திகதியை எழுதிக்கொள்ளப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.